பொங்கற் பானையில் ஒரு வரலாறு



வரலாறு ஏட்டில் மட்டும் வாழ்வதன்று. கையிலும் காலிலும் அடுப்பிலும் வாழ்வது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்து வில்லியம்ஸ்பர்க் நகரம் 1926 முதல் பழைய வடிவில் புதுப்பிக்கப்பெற்றது. அங்கே 18ஆம் நூற்றாண்டு ஆடைகளை அக்கால முறைப்படியே ஊசியும் நூலும் கொண்டு கையால் தைத்துக் காட்டுகின்றனர். பெற்றோரும் பிள்ளைகளும் பயணம் சென்று காண்கின்றனர். அந்தத் தையலைக் கண்ட குழந்தைக்கு ஆண்டுக் கணக்கு பின்னர் எளிதில் விளங்கும்.

கம்பம் பள்ளத்தாக்கிலும் அத்தகைய கல்வி உண்டு. சித்திரை முழுநிலவு நாளில் மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குக் கூடலூர்ப் பக்கத்துப் பளியன்குடியிலிருந்து குடும்பம் குடும்பமாக மலையேறுகின்றனர். சிலப்பதிகாரத்தை எழுத்தெண்ணிப் படிக்காத மூதாட்டியும் அன்று அதனைக் கால்வலியால் கற்கிறாள்.

தை பிறக்கையில் பாலார்பட்டியில் பொங்கற் பானைகள் அடுப்பேறுகின்றன. ஜனவரி 15, பொறியாளர் ஜான் பென்னிகுயிக் 1841இல் பிறந்த நாள். 1887இல் தொடங்கி 1895இல் நிறைவுற்ற பெரியாறு அணை, மேற்கே அரபிக்கடல் நோக்கி ஓடிய நீரை மலை குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பியது. நெல் விளைந்தது, நன்றி மறவாத மக்கள் தம் பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டினர். லோயர் கேம்ப்பில் 2013இல் அவருக்கு மணிமண்டபமும் எழுந்தது.

இந்நன்றி போற்றத்தக்கது. ஆயினும் அப்பானையில் ஒரு பெயரே பொங்குகிறது. சுண்ணாம்பும் சுர்க்கியும் குழைத்தவர், கல் சுமந்தவர், காட்டுக் காய்ச்சலில் மாண்டவர் ஆகியோரின் பெயர்கள் எங்கே? பொறியாளரை ஆவணங்கள் காக்கும். கூலியாளைக் காக்க வீட்டுப் பேச்சன்றி வேறில்லை. பாட்டன் சொல்லக் கேட்டவர் சொல்லக் கேட்டோர் இன்று முதுமையில் இருக்கின்றனர். அவர்களோடு அப்பேச்சும் அடங்கிவிட்டால், மீட்டெடுக்க எந்த ஏடும் உதவாது.

பத்தாண்டு நிறைவு காணும் இவ்விலக்கிய வட்டத்தார் அதனைத் தம் கடமையாக ஏற்றல் தகும். துண்டுத் துணிகளை இணைத்துத் தைப்பதுபோல் அச்சிறு நினைவுகளை இணைத்தல் வேண்டும். வரும் தைப்பொங்கலுக்குள் உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் ஊர் மூத்தோர் ஒருவரையேனும் அணுகி, “உங்கள் வீட்டில் அணை வேலைக்குப் போனவர் யார்?” என்று கேட்பாராக. கிடைக்கும் பெயரை ஊர்ப்பெயரோடு எழுதி வருவாராக. கவிதை பிறகு வரட்டும். முதலில் பெயர் வரட்டும்.