நேராகாத கை

இன்று பட்டம் பெறும் என் அன்புக்குரியவர்களே,

உங்கள் வலது கையை முன்னே நீட்டிப் பாருங்கள். முழங்கை நேராகிறதல்லவா? குண்டசாலைப் பக்கம் நத்தரம்பொத்தையில் வளர்ந்த ஒரு பையனுக்குப் பிறவியிலிருந்தே அது முழுதாக நேராகாது. 1972 ஏப்ரல் 17 இல் கண்டியில் பிறந்தவர். அப்பா முத்தையா பிஸ்கட் தொழிற்சாலை நடத்தினார். பாட்டனார் தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். யாரென்று உங்களுக்கு விளங்கியிருக்கும்.

கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் முத்தையா முரளிதரன் முதலில் மித வேகப்பந்துதான் வீசினார். பதினான்கு வயதில், பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ அவரைச் சுழற்பந்துக்கு மாறச் சொன்னார். ஒரு பாடசாலை மைதானத்தில் ஓர் ஆசிரியர் ஒரு மாணவனிடம் சொன்ன யோசனை, அவ்வளவுதான். உலகக் கிரிக்கெட்டின் கணக்கேடு அங்கே மாறியது. ஓஃப் ஸ்பின் வீசுபவர்கள் பெரும்பாலும் விரலால் பந்தைத் திருப்புவார்கள். முரளி மணிக்கட்டால் திருப்பினார், பூட்டில் சாவியைத் திருகுவதுபோல.

1992 ஆகஸ்டில் கெத்தாராமையில் முதல் டெஸ்ட். மூன்று ஆண்டு கழித்து, 1995 டிசெம்பர் 26 அன்று மெல்பேர்னில், ஐம்பத்தைந்தாயிரம் பேர் பார்த்திருக்க, நடுவர் டரல் ஹெயார் மூன்று ஓவர்களில் ஏழு முறை நோ போல் என்றார். பந்தை வீசவில்லை, முழங்கையை நிமிர்த்தி எறிகிறார் என்பது குற்றச்சாட்டு. முரளி மறுமுனைக்குப் போனார். அங்கே நின்ற நடுவர் ஸ்டீவ் டன் ஒன்றும் சொல்லவில்லை. அந்த முனையிலிருந்து மேலும் 32 ஓவர்கள் வீசினார். அந்த முப்பத்திரண்டு ஓவர்களை எண்ணிப் பாருங்கள், பிள்ளைகளே. கள்ளன் என்று கூப்பிடாத குறையாக ஊரறியச் சொன்ன பிறகு, அதே போட்டியில், அதே கையால் வீசியவை அவை.

பத்து நாள் கழித்து பிரிஸ்பேனில் இன்னொரு நடுவரும் ஏழு முறை நோ போல் கொடுத்தார். அவற்றில் சில லெக் பிரேக் பந்துகள்.

முரளி கையை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனார். மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கிலும் அளந்தார்கள். எறிவதுபோலத் தெரிவது பார்ப்பவர் கண்ணின் மயக்கம் என்று முடிவு வந்தது. பேச்சு அடங்கவில்லை. 2004 இல் உருக்குக் கம்பிகள் வைத்து வார்த்த ஓர் உறையைக் கையில் மாட்டிக்கொண்டு, கமராவுக்கு முன்னால் வீசிக் காட்டினார். நீளம் 46 சென்ரிமீற்றர், நிறை ஏறத்தாழ ஒரு கிலோ. முழங்கை அசைய இடமில்லை. அப்போதும் பந்து திரும்பியது. மற்றப் பந்துவீச்சாளர்களையும் அளந்தபோது, பெரும்பாலானோரின் கை வீசும்போது சிறிதாவது நிமிர்வது தெரியவந்தது. 2005 முதல் முழங்கை 15 பாகை வரை நிமிர எவருக்கும் அனுமதி என்று சர்வதேசக் கிரிக்கெட் சபை விதியையே திருத்தியது. என்னைக் கேட்டால், அவர் மொத்தமாக எடுத்த எண்ணூறு விக்கெட்டிலும் பெரிய வெற்றி இதுதான். அறிவியல் படித்து வெளியேறும் உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

உடலின் குறை என்று பிறர் சொல்வது பலமாவது கிரிக்கெட்டில் மட்டுமல்ல. பிரேசிலில் கரிஞ்சா என்று ஒரு காற்பந்து வீரர் இருந்தார். பிறவியிலேயே வளைந்த கால்கள். 1958 இல் உலகக் கிண்ணம் வென்ற அணியில் இருந்தார். 1962 இல் பெலே காயப்பட்டு வெளியேற, அந்தக் கால்களை நம்பியே பிரேசில் மீண்டும் கிண்ணத்தை வென்றது. அந்தக் கால்களைத் தடுக்க எதிரணிகள் திணறின.

மீண்டும் முரளிக்கு வருவோம். 2007 டிசெம்பர் 3. நம் அஸ்கிரிய மைதானம். இங்கிலாந்தின் போல் கொலிங்வுட்டின் ஸ்டம்ப் சாய்ந்தது. 709 ஆவது விக்கெட். அவுஸ்திரேலியாவின் ஷேன் வோர்னின் சாதனையைத் தாண்டியாயிற்று. உலக சாதனையைச் சொந்த ஊரில் வைத்துப் பிடிக்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்! 2010 ஜூலையில், இதுவே கடைசி டெஸ்ட் என்று அறிவித்துவிட்டுக் காலியில் இறங்கினார். எண்ணூறுக்கு எட்டு விக்கெட் குறைந்தது. கடைசியாக, இந்தியாவின் பிரக்யான் ஓஜாவின் மட்டையில் பட்ட பந்தை ஸ்லிப்பில் மஹேல ஜயவர்தன பிடித்தார். 133 டெஸ்ட், 800 விக்கெட்.

முரளியின் கதையை உங்களுக்குச் சொல்ல ஒரு காரணம் உண்டு. உங்களில் பலர் ஆசிரியர் நியமனம் பெற்று மலைநாட்டுப் பாடசாலைகளுக்குப் போவீர்கள். லயத்திலிருந்து வரும் பிள்ளைகள் உங்கள் முன் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பிள்ளை கணக்கை நீங்கள் சொல்லிக்கொடுத்த வழியில் செய்யாமல், தன் வழியில் செய்து சரியான விடையோடு வரும். சிவப்புப் பேனாவை எடுக்கமுன் அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் கூப்பிட்டு, எப்படிச் செய்தாய் என்று கேளுங்கள். உங்களிடம் நான் கேட்பது இந்த ஒன்றைத்தான்.