எண் கூடி வந்த நாளில்



புரொஸ்டேட் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை முடிந்ததும் "எடுத்தாச்சு, இனிப் பயமில்லை" என்று வீட்டில் விளக்கேற்றிக் கும்பிடுகிறோம். சில மாதம் கழித்துப் பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வருகிறது. பூச்சியத்தோடு ஒட்டி நிற்க வேண்டிய எண் கூடியிருக்கிறது. கணவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கண்டியில் பஸ் ஏறினால், வீடு வரும்வரை வாய் திறப்பதில்லை. அவருக்குப் பக்கத்துச் சீட்டில் இருக்கும் மனைவியோடு பேசத்தான் இன்று வந்திருக்கிறேன்.

அந்த நேரம் நம் வாயில் முதலில் வருவது "ஒண்ணுமில்லைங்க, எல்லாம் சரியாயிடும்" என்பது. பாசத்தில்தான் சொல்கிறோம். அதற்குப் பிறகு அவர் தன் பயத்தை யாரிடம் சொல்வார்? "எனக்கும் பயமாத்தாங்க இருக்கு, அடுத்த கிளினிக்குக்கு நானும் வர்றேன்" என்று சொல்லிப் பாருங்கள். செய்தியைச் சின்னதாக்கவும் வேண்டாம், பெரிதாக்கவும் வேண்டாம். அதன் உண்மையான அளவு என்ன என்பதை இருவருமாக அறிந்துகொள்வதுதான் முக்கியம்.

அந்த அளவைச் சொல்கிறேன். சத்திரசிகிச்சைக்குப் பின் எண் மில்லிலீற்றருக்கு 0.2 நனோகிராமை எட்டி, மறுபரிசோதனையிலும் குறையாமல் இருந்தால், நோய் திரும்பியிருப்பதாக வைத்தியர்கள் பொதுவாகக் கருதுகிறார்கள். திரும்புவது வேறு, உடம்பெங்கும் பரவுவது வேறு. அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை பெற்ற ஏறத்தாழ 2000 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 1999இல் வெளியானது. அவர்களில் 315 பேருக்கு எண் கூடியது. ஆரம்பத்திலேயே ஹோர்மோன் சிகிச்சை பெறாதவர்களில் பாதிப் பேருக்கு, எண் கூடி எட்டு ஆண்டுகள்வரை நோய் வேறு உறுப்புகளில் தென்படவில்லை. எல்லோருக்கும் அப்படித்தான் என்று நான் சொல்லமாட்டேன். எண் எவ்வளவு வேகமாக இரட்டிக்கிறது, வெட்டி எடுத்த சதையின் ஓரத்தில் புற்று இருந்ததா, புற்றின் தீவிரத்தைக் காட்டும் கிளீசன் புள்ளி என்ன என்பவற்றைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும். இந்த மூன்றையும் கொப்பியில் எழுதிக் கொண்டுபோய் வைத்தியரிடம் கேளுங்கள்.

விளங்காமல் தலையாட்டிவிட்டு வராதீர்கள். 1987 முதல் தமிழும் இலங்கையின் ஆட்சிமொழி. தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. வெளியே லேபில் இரத்தம் கொடுப்பதானால் ஒவ்வொரு முறையும் அதே லேபுக்குப் போங்கள். இடம் மாறினால் எண்ணும் சற்று மாறலாம். கதிர்வீச்சுச் சிகிச்சை தேவைப்பட்டால், எண் குறைவாக இருக்கும்போதே தொடங்குவதில் பலன் அதிகம். கண்டி தேசிய வைத்தியசாலையிலேயே புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. யாரோ சொன்ன கஷாயத்தை நம்பி மாதங்களைத் தொலைத்துவிட வேண்டாம்.

இனி, வெளியே பேசக் கூசும் விஷயம். சத்திரசிகிச்சைக்குப் பின் சிறுநீர் தானாகக் கசியலாம். புசல்லாவையிலிருந்தோ ஹட்டனிலிருந்தோ வளைவு வளைவாக இறங்கும் பஸ்ஸில் அது பெரிய வேதனை. தோட்ட லயத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்கும் என்பதால் உங்களிடம்கூட அவர் சொல்லமாட்டார். நீங்களே ஒரு மாற்றுச் சாரத்தையும் கசிவை உறிஞ்சும் பேட் ஒன்றையும் பையில் வைத்துவிடுங்கள். இடுப்படித் தசைக்கான பயிற்சியைத் தொடர்ந்து செய்தால் பலருக்கு ஒரு வருடத்துக்குள் கசிவு நன்றாகக் குறைகிறது.

தாம்பத்திய உறவும் பாதிக்கப்படலாம். ஹோர்மோன் ஊசி தொடங்கினால் ஆசை குறையும், உடம்பு திடீரெனக் கொதிக்கும், சட்டென்று கோபம் வரலாம். அது மருந்தின் வேலை. உங்கள்மேல் வெறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் தள்ளிப் படுத்தாலும், பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளலாம்.

உங்களைப் பற்றியும் எனக்குக் கவலை உண்டு. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு ஒரு கிளினிக் நாள் என்றால் ஒரு நாள் சம்பளம் போகிறது. கதிர்வீச்சு என்றால் வாரத்தில் ஐந்து நாள், பல வாரங்கள். அதை ஒருத்தியாகச் சுமக்க முடியாது. மகனையோ கொழுந்தனையோ இன்றைக்கே கூப்பிட்டு, எந்த நாளில் யார் கூடப் போவது என்று பேசி முடிவெடுங்கள்.