கியூரியஸ்

ஆங்கிலத்தில் 'கியூரியஸ்' என்று ஒரு சொல். தெரிந்துகொள்ளும் ஆவல் உள்ள என்பது அதன் பொருள்.

வீட்டில் மிக்ஸியைக் கழற்றி வைத்திருக்கிறீர்கள். பிள்ளை பக்கத்தில் வந்து குத்தவைத்து உட்காருகிறது. "இது எதுக்குப்பா? இது ஏன் சுத்துது?" அந்தப் பிள்ளை கியூரியஸ். தயவுசெய்து விரட்டாதீர்கள்.

இதே சொல்லை ஒரு பொருளுக்கு முன்னால் போட்டால் அர்த்தம் மாறிவிடும். 'கியூரியஸ் பாக்ஸ்' என்றால் விசித்திரமான பெட்டி. பெட்டிக்கு ஏது ஆவல்? ஆளுக்குச் சொன்னால் பெரும்பாலும் ஆவல். பொருளுக்குச் சொன்னால் விசித்திரம்.

அடுத்த வீட்டுச் சங்கதியைத் துருவுகிறவருக்கு வேறு சொல் இருக்கிறது: 'நோஸி'. நாம் மூக்கை நுழைப்பது என்கிறோமே, அதுதான்.

கியூரியஸ் பிறந்தது 'கூரா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து. கூரா என்றால் அக்கறை. அக்கறை இருக்கிறவர்தானே கேள்வி கேட்பார்!

2012ஆம் ஆண்டு செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய நாசா வண்டிக்கும் 'கியூரியாசிட்டி', அதாவது ஆவல், என்றுதான் பெயர். கட்டுரைப் போட்டியில் அந்தப் பெயரைச் சொன்னது, அமெரிக்காவில் ஆறாம் வகுப்புப் படித்த ஒரு சிறுமி. பாறையைத் துளைத்து, பொடியாக்கி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் வண்டி அது.