விவாகரத்து யாருக்கு வேண்டியிருந்தது?



ஆண்மக்கள் விவாக பந்தத்தை எளிதாகக் கருதுகிறார்கள், பெண்மக்களோ அதனை உயிரினும் மேலாகப் போற்றுகிறார்கள் என்றும், ஆகவே நிலைத்த காதல் என்பது ஸ்திரீகளின் சுபாவத்திலேயே ஊறிய குணம் என்றும் நம் மேடைகளில் நெடுங்காலமாகப் பேசப்பட்டு வருகிறது. பெண்ணைப் போற்றுவதாகத் தோன்றும் இந்தப் புகழ்ச்சிக்கு என் மனம் இசையவில்லை. ஒருவர் சுபாவத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லுமுன், அது எந்தச் சட்டத்தின் கீழ், எந்த ஜீவன நிலையில் உருவாயிற்று என்று விசாரிப்பதே முறையாகும். அவ்விசாரணைக்கு ருக்மாபாய் அம்மையாரின் வரலாற்றைவிடத் தக்க சான்று வேறொன்றை நான் அறியேன்.

1864-இல் பம்பாயில் பிறந்த அவ்வம்மையாருக்குப் பதினோராம் வயதில் தாதாஜி பிகாஜி என்பவரோடு மணம் நடந்தது. மணம் நடந்ததேயன்றி அவர் புருஷன் வீடு சென்று வாழவில்லை. தாயாருடனும், தாயார் மறுமணம் செய்துகொண்ட டாக்டர் சகாராம் அர்ஜுனுடனும் இருந்து, நூல்களைக் கற்று, அறிவு முதிர்ந்த பெண்ணாக வளர்ந்தார். 1884-இல் தாதாஜி தம் மனைவியைத் தம்மிடம் சேர்ப்பிக்க வேண்டுமென்று பம்பாய் ஹைகோர்ட்டில் வழக்குத் தொடுத்தபோது, அறியாப் பருவத்தில் தம் சம்மதமின்றி நடந்த மணத்திற்குத் தாம் கட்டுப்படுவதற்கில்லை என்று ருக்மாபாய் மறுத்தார். நீதிபதி பின்ஹே 1885-இல் அவர் பக்கமே தீர்ப்பளித்தார். ஆனால் மேல்முறையீட்டில் அது தள்ளப்பட்டு, 1887-இல் நீதிபதி ஃபாரன், அவர் கணவர் இல்லம் செல்ல வேண்டும், இல்லையேல் ஆறு மாதச் சிறைவாசம் அனுபவிக்க வேண்டும் என்று ஆணையிட்டார். சிறைக்கே போகிறேன் என்றார், இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதே நிரம்பிய அந்தப் பெண்.

அன்று தேசமெங்கும் எழுந்த ஆரவாரத்தைக் கவனியுங்கள். திலகர் போன்ற மகா தேசபக்தரே தம் பத்திரிகைகளில் ருக்மாபாயைக் கண்டித்து எழுதினார். இந்து தர்மத்தின் அஸ்திவாரமே ஆட்டங்கண்டுவிட்டதாகப் பலர் அஞ்சினர். ஆனால் மனைவியைக் கோர்ட்டின் பலத்தால் வீட்டிற்கு இழுத்து வரும் அந்த வழக்கு முறை நம் தர்ம சாஸ்திரத்தில் உள்ளதே அன்று. ஆங்கிலேயர் தம் நாட்டுக் கிறிஸ்தவ சமய நீதிமன்றங்களிலிருந்து எடுத்து வந்தது. அந்த இங்கிலாந்திலேயும் இதற்காகச் சிறையிடும் வழக்கம் 1884-இல் ஒழிக்கப்பட்டுவிட்டது. தனக்குச் சாதகமாக இருக்குமானால் அந்நியச் சட்டத்தையும் சனாதனம் என்று அணைத்துக்கொள்ளும் மனநிலையை என்னால் மன்னிக்க முடியவில்லை.

1888-இல் இரண்டாயிரம் ரூபாய் பெற்றுக்கொண்டு தாதாஜி தம் உரிமையைக் கைவிட்டார். பின்பு வேறொரு பெண்ணை மணந்தார். ருக்மாபாயோ இங்கிலாந்து சென்று மருத்துவம் பயின்று, நாடு திரும்பிச் சூரத்திலும் பிற இடங்களிலும் நீண்டகாலம் பெண்களுக்கு வைத்தியம் செய்தார். மறுபடி மணம் செய்துகொள்ளவில்லை.

இந்த இரு முடிவுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான், ஆண் பெண் மனப்பான்மையின் பேதம் எங்கே பிறந்தது என்பது விளங்குகிறது. முதல் மனைவி உயிரோடிருக்கையிலேயே இரண்டாம் மனைவியை, மூன்றாம் மனைவியைக்கூடச் சட்டப்படி கொள்ளலாம் என்றிருந்த ஆண்மகனுக்கு விவாகரத்து எதற்கு? அவனுக்கு வாசற்கதவு எப்போதும் திறந்தே இருந்தது. அதனால் விவாகம் பிரிக்கவொண்ணாத புனித பந்தம் என்று அவன் உரத்த குரலில் முழங்குவதில் அவனுக்கு யாதொரு நஷ்டமும் இல்லை. ஜீவனத்திற்கு வழியில்லாமலும், பிறந்த வீட்டில் இடமில்லாமலும், வாழாவெட்டி என்ற வசைக்கு அஞ்சியும் நின்ற பெண், அந்தப் பந்தத்தைப் பற்றிக்கொண்டதை நாம் காதல் என்றே எண்ணிக்கொண்டோம். காதலும் இருந்திருக்கலாம், இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் போக வழியில்லாதவர் தங்கியிருப்பதைக் கண்டு அவர் அன்பின் ஆழத்தை எங்ஙனம் அளப்பது?

நம் சென்னை மாகாணம் 1949-இல் இயற்றிய சட்டத்தின் பெயரிலேயே இருதார மணத் தடையும் விவாகரத்தும் ஒருங்கே இடம்பெற்றன. ஆணின் இரண்டாம் மணம் தடுக்கப்பட்ட அதே ஏட்டில் பெண்ணுக்குப் பிரியும் உரிமையும் எழுதப்பட்டது. நாடு முழுமைக்கும் அத்தகைய நெறியை வகுக்க முயன்ற அம்பேத்கர், இந்து சட்ட மசோதா முடங்கியதைக் காரணங்காட்டி 1951-இல் மந்திரி பதவியையே துறந்தார். 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் வந்தபோதோ, கணவன் அச்சட்டத்திற்கு முன்பே வேறு மனைவியைக் கொண்டிருந்து அவளும் உயிரோடிருப்பின், அதனையே காரணமாகக் காட்டி மனைவி விவாகரத்துக் கோரலாம் என்ற தனிப்பிரிவு அதில் அமைந்தது. ருக்மாபாய் அம்மையார் காலமானதும் அவ்வாண்டிலேதான். பதினைந்து வயதுக்கு முன் மணம் செய்விக்கப்பட்ட பெண், பதினைந்து நிரம்பிய பின், பதினெட்டு முடியுமுன், அந்த மணத்தை நிராகரித்து அதன்மேல் விடுதலை கோரலாம் என்ற பிரிவோ 1976-இல்தான் சேர்க்கப்பட்டது. அவர் கேட்ட நியாயம் அதுவேயன்றோ!

இன்றும் கணவன் வீட்டில் துன்புற்று வந்த மகளைத்தான் நம் பெற்றோர் அனுசரித்துப் போ என்று திருப்பி அனுப்புகிறார்கள். மகனிடம் அந்தச் சொல்லை அத்துணை அழுத்தமாகச் சொல்பவரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். ஒருவரை மட்டும் அனுசரிக்கச் சொல்லி வளர்த்துவிட்டு, அனுசரணை அவர் பிறவிக்குணம் என்று மகிழ்வது நீதியாகாது. பிரிந்து செல்லும் ஆற்றல் இருவர் கையிலும் இருக்கையில், இருவருமே செல்லாது தங்கும் தம்பதிகளை நாமெல்லோரும் அறிவோம். நிலைத்த காதலுக்கு நான் காட்டும் இலக்கணம் அவர்களே.

ஆனால் இணைந்து வாழும்படி கோர்ட்டை நாடும் அந்தப் பழைய வழக்கு, 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவாக இன்னும் நிற்கிறது. சிறைத்தண்டனை போய்விட்டதெனினும், ஆணைக்கு இணங்காதவர் சொத்தை ஜப்தி செய்ய வழியிருக்கிறது. இங்கிலாந்து இவ்வழக்கை 1970-இல் எடுத்தெறிந்துவிட்டது. அப்பிரிவு கணவன் மனைவி இருவருக்கும் பொதுவானது என்று சிலர் சமாதானம் கூறுவர். தனக்கென்று சம்பாத்தியமும் இருப்பிடமும் இல்லாதவளுக்கு அந்தப் பொதுமையால் என்ன பயன்? ஆகவே, ஒன்பதாம் பிரிவை நீக்கும்படி பார்லிமெண்டைக் கேட்டுக்கொள்ளும் தீர்மானத்தை இந்தச் சபையின்முன் பிரேரேபிக்கிறேன். தாய்மார்களில் ஒருவர் எழுந்து அதனை ஆமோதிக்க வேண்டுமென்று வேண்டுகிறேன்.