ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் என்ன கேட்பது?

(பழவங்காடிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை ஏற்பதாக இந்தியா ஒப்புக்கொண்டது. அப்படி வந்தவர்களில் சிலருக்குத்தான் நம் புனலூரில் ரப்பர்த் தோட்ட வேலை கிடைத்தது. 1983 கலவரத்துக்குப் பின் உயிர்தப்பி வந்தவர்களுக்கோ 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இடமில்லை. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் உண்டு, இலங்கை இல்லை!

திருவனந்தபுரத்தில் 2024இல் வென்ற சசி தரூர் அந்தச் சட்டத்தை மக்களவையில் எதிர்த்தார். 2015லேயே அகதிகளுக்குப் புகலிடம் தரத் தனிநபர் மசோதாவும் கொண்டுவந்தார், அது நிறைவேறவில்லை. பாராட்டுவோம். ஆனால் புகலிடம் வேறு, குடியுரிமை வேறு.

தமிழ்நாட்டு முகாமில் இருப்பவருக்கு ஓட்டு இல்லை, நமக்கு உண்டு. ஆகவே எந்தக் கொடிக்காரர் வாசலுக்கு வந்தாலும் நாம்தான் கேட்க வேண்டும்: "முகாமில் பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை எப்போது, ஐயா?"