நள்ளிரவில் வந்த போலீஸ்

உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்றொருவர். 1941-இல் ஒரு கொள்ளை வழக்கில் அவரைப் பிடித்தார்கள். ஆதாரம் இல்லையென்று விட்டும்விட்டார்கள். ஆனால், காவல் நிலையத்தில் அவர் பெயரில் சரித்திரப் பதிவேடு திறந்தாயிற்று. அதற்குப் பிறகு நடந்ததை அவரே உச்ச நீதிமன்றத்தில் முறையிட்டார். நடு ராத்திரியில் போலீஸார் வந்து கதவைத் தட்டிக் கூச்சல் போடுவார்கள். சில நாள் தூக்கத்திலிருந்து எழுப்பி ஸ்டேஷனுக்கே கூட்டிப் போவார்கள். வெளியூர் போவதென்றால் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். எந்தக் குற்றமும் நிரூபிக்கப்படாத மனிதருக்கு இந்தக் கதி!

1962 டிசம்பர் 18 அன்று தீர்ப்பு வந்தது. இரவில் வீடு புகுவது செல்லாது என்றார்கள் ஆறு நீதிபதிகளும். ஆனால், மற்றக் கண்காணிப்பு தொடரலாம், அந்தரங்கம் அடிப்படை உரிமை அல்ல என்றது பெரும்பான்மை. முன்பு சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த சுப்பா ராவும், நீதிபதி ஷாவும் மட்டும் உடன்படவில்லை. கண்காணிப்பு முழுவதுமே தவறு என்று எழுதினார்கள். அந்தரங்கம் பற்றி அவர்கள் சொன்னதே சரி என்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக ஏற்க 2017 ஆகஸ்ட் வரை ஆயிற்று. ஏறத்தாழ ஐம்பத்தைந்து ஆண்டுகள்!

இன்று கதவைத் தட்ட வேண்டியதில்லை, போனை ஒட்டுக்கேட்டால் போதும். 1885-இல் வெள்ளைக்காரன் போட்ட தந்திச் சட்டமேகூட, பொது நெருக்கடி அல்லது பொதுப் பாதுகாப்பு என்றால்தான் அதற்கு இடம் கொடுத்தது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் கடிவாளம் போட்டது: உள்துறைச் செயலாளரின் எழுத்துபூர்வ உத்தரவு வேண்டும்; ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கக் கூடாது; மறுஆய்வுக் குழு பார்க்க வேண்டும். இவை வெறும் சம்பிரதாயம் அல்ல. 2011-இல் ஒரு லஞ்ச வழக்குக்காகப் பிறப்பித்த ஒட்டுக்கேட்பு உத்தரவை, சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் ரத்து செய்தது. குற்றத்தைத் துப்பறிவது மட்டுமே பொது நெருக்கடி ஆகிவிடாது என்றது.

ஆனால், பதினான்கு ஆண்டு கழித்து வரும் நிவாரணம் யாருக்குப் பயன்? உத்தரவு போடுபவரும் அரசுச் செயலாளர், அதை மறுஆய்வு செய்பவர்களும் அரசுச் செயலாளர்களே. ஒட்டுக்கேட்கப்பட்டவருக்கு விஷயமே தெரியாது. தெரியாதவர் எங்கே போய் முறையிடுவார்? குற்றவாளிகளைப் பிடிக்கத்தான் வேண்டும், அதில் இரண்டு கருத்து இல்லை. நான் கேட்பது, முன்கூட்டியே ஒரு நீதிபதியின் அனுமதி. அதைச் சட்டம் போட்டுத்தான் கொண்டுவர முடியும். வாக்குக் கேட்டு வரும் நாடாளுமன்ற வேட்பாளரிடம், கட்சி பார்க்காமல், இதைக் கேளுங்கள்.