தாய்ப்பால்: குழந்தையின் முதல் உரிமை

(தாய்மார்கள் கூட்டத்தில் நமது அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





திருக்குர்ஆனில் சூரத்துல் பகராவின் 233ஆம் வசனம் நாம் பலமுறை கேட்டதுதான். பாலூட்டலை நிறைவு செய்ய விரும்புவோருக்கு இரண்டு முழு ஆண்டுகள் என்று அது காலம் குறிக்கிறது. பாலூட்டும் தாய்க்கு உணவும் உடையும் தருவது தந்தையின் பொறுப்பு என்றும் அதே வசனம் சொல்கிறது. முதல் பாதி தாய்மார்களுக்கு. மறு பாதி வீட்டு ஆண்களுக்கு. இன்று இரண்டையும் சேர்த்தே பேசுவோம்.

குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்கத் தொடங்க வேண்டும். சிசேரியன் ஆனாலும் செவிலியர் உதவியோடு சீக்கிரமே கொடுக்கலாம். முதல் சில நாட்கள் சுரப்பது மஞ்சள் நிறமான, கெட்டியான சீம்பால். அது கொஞ்சமாகத்தான் வரும். குழந்தையின் வயிறும் சிறியதுதான். நோய் எதிர்ப்புச் சக்தி நிறைந்த அந்தப் பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சி ஊற்றாதீர்கள்.

சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் எதுவும் வேண்டாம். பேரீச்சம்பழத்தை மென்று தடவும் தஹ்னீக் நபிவழி என்பதை அறிவோம். செய்ய விரும்புவோர் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, துளியளவோடு நிறுத்துங்கள். சளி, இருமல், வாய்ப்புண் உள்ளவர் செய்ய வேண்டாம். அதற்குப் பதிலாகத் தேன் வைக்கவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமி ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் நரம்புகளைப் பாதித்து, உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே. வெயில் காலத்திலும் தனியாகத் தண்ணீர் தேவையில்லை. மருத்துவர் எழுதித் தரும் மருந்து மட்டும் விதிவிலக்கு.

"பால் பத்தலை" என்று வீட்டில் யாராவது சொன்னதும் பால் டின் வாங்க ஓடாதீர்கள். குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். இரவும் பகலுமாக 8 முதல் 12 முறை கொடுக்க வேண்டும். காம்பு மட்டுமின்றி, அதைச் சுற்றிய கருவட்டமும் குழந்தையின் வாய்க்குள் போக வேண்டும்; முகவாய் மார்பில் பட வேண்டும். ஐந்தாம் நாளுக்குப் பின் தினமும் ஆறு முறையாவது சிறுநீர் போனால், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையை எட்டினால், பால் போதுகிறது என்று பொருள். சிறுநீர் குறைந்தாலோ, குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து தூங்கினாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். அவரே புட்டிப்பால் சொன்னால், அந்தத் தாயை யாரும் குறை பேச வேண்டாம்.

தாய்ப்பால் குழந்தையை வயிற்றுப்போக்கு, நிமோனியாவிலிருந்து காக்கிறது. தாய்க்குப் பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கையும், மார்பகப் புற்றுநோய் ஆபத்தையும் குறைக்கிறது.

சகோதரர்களே! பத்தியம் என்ற பெயரில் பிள்ளை பெற்றவளின் சோற்றையும் தண்ணீரையும் குறைக்காதீர்கள். நள்ளிரவில் பால் கொடுப்பவள் அவள். குழந்தைக்கு ஏப்பம் வரத் தட்டிக்கொடுப்பதும் ஈரத்துணி மாற்றுவதும் நம்மால் முடியும். ரமளானில் பாலூட்டுபவருக்குச் சிரமம் இருந்தால் நோன்பை விட மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. பிறகு செய்ய வேண்டியதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் பிள்ளைகளை ஆரோக்கியமும் ஈமானும் உள்ளவர்களாக அல்லாஹ் வளர்த்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.